ஒரு யூனிற்

கன்னியா வெந்நீர்க் கிணறுகளைத் தாண்டி
வலப்பக்கம் பிரியும் கிறவல் பாதையில்
என் பட்டியலின் கடைசி இலக்கம்.
நூற்றிப்பன்னிரண்டு படி. பிறகும் கொஞ்சம் பாறை.
மின்சார சபை
படிக்குப் படி தருவதில்லை.

ஊசிமலை நூதனசாலை.
இரண்டு அறை, ஒரு விறாந்தை.
துறைமுகக் கணக்கர் ஒருவர்
ஓய்வுக்காசில் கட்டியதாம்.
மீற்றர் பெட்டி பின்சுவரில்,
திமிங்கில விலா எலும்புகளுக்கு அப்பால்.
ஆகவே மாதாமாதம்
ஒரு திமிங்கிலத்துக்குள் குனிந்து போய்த்தான்
எண் பார்க்கிறேன்.

ஜிப்ரி கதவு திறப்பார். பேச்சு குறைவு.
சேட்டுப் பையில் ஒரு துண்டுத் துணி,
மூக்குக்கண்ணாடிக்கா கண்ணாடிப்பெட்டிக்கா
தெரியாது; இரண்டுக்கும் அதுதான்.

முதல் மாதம் எண்ணை எழுதிக்கொண்டு இறங்கிவிட்டேன்.
இரண்டாம் மாதம் மழை.
விடுமட்டும் நிற்போம் என்று நின்றதில்
அந்த ஓவியத்தைப் பார்த்தேன்.

துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டிய
பெனடிக்ற் சவரிமுத்து வரைந்தது,
பழைய கடல் வரைபடம் ஒன்றின் முதுகில்,
கப்பலுக்குப் பூசி மிஞ்சிய பெயின்றால்.
கடலிலிருந்து பார்த்த மலைகள்.
எல்லா மலையும் நீலம்,
இந்த மலை மட்டும் துருச் சிவப்பு.
ஏன் என்று எங்கும் எழுதியில்லை.
இடது மூலையில் விரல் நுழையும் ஒரு துளை.
கீழே தட்டச்சில்:
"துளை பிற்காலத்தது."

அவ்வளவுதான்.
எந்த ஆண்டு, எந்தப் பக்கமிருந்து,
அப்போது இந்த அறையில் யார் நின்றார்கள்,
ஒன்றுமில்லை.
நான் உவர்மலையில் வளர்ந்தவள்.
இவ்வளவு சுருக்கமாக
யாரும் எனக்கு அதைச் சொன்னதில்லை.
துளைக்குள் கண்வைத்துப் பார்த்தேன்.
சுவரிலும் ஒன்று இருந்திருக்கிறது,
சாந்து பூசி அடைத்திருந்தார்கள்.
ஓவியத்தை அடைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவசரப்படவில்லை.
ஒல்லாந்தக்காரன் ஒருவனின் சுடுமண் புகைக்குழாய்,
நுனியில் அவன் பல் பதிந்த இடம்.
வாடிக்கணக்குக் கொப்பி ஒன்று,
ஒரு பக்கத்தில் மீன் எடை, மறுபக்கத்தில்
யாருக்கோ எழுதி அனுப்பாத கடிதம்.
யன்னலுக்கு வெளியே சீனக்குடா,
மரங்களுக்குள் எண்ணெய்த் தாங்கிகளின் மொட்டைத் தலைகள்.

மார்கழி வாசிப்பு: 0417.
கார்த்திகை: 0416.
ஐப்பசி: 0415.
மாதம் ஒரு யூனிற், பிசகாமல்.
மீற்றர் பழுதோ என்று நினைத்தேன்.
பழுதென்றால் அறிக்கை எழுத வேண்டும்.
"எல்லா லைற்றையும் ஒருக்கால் போடுங்கோ" என்றேன்.
"போட்டுத்தானே இருக்கு" என்றார்.

நிமிர்ந்தேன். எட்டுக் குழல்விளக்கு, நாற்பது வோட்.
எட்டு நாற்பது முந்நூற்றிருபது.
மூன்று மணித்தியாலம் எரிந்தால்
ஒரு யூனிற், கொஞ்சம் குறைய.
"மற்ற நாளில?"
"எனக்கு யன்னல் வெளிச்சம் காணும்."

கீழ்ப்படியில் என் குடை தெரிந்ததும்
ஒவ்வொரு ஆளியாய்த் தட்டுவாராம்.

அலுவலகத்தில் நான் சொல்லி வைத்திருப்பது வேறு:
ஏற்றம் கடினம், மூச்சு வாங்கும்,
பஸ் மூன்றே முக்காலுக்குத்தான்.
மூன்று மணித்தியாலம் என்று
என் வாயால் வரவில்லை.
சுழலும் தட்டு சொல்லிவிட்டது.

வருகைப் பதிவேட்டில்
நவராத்திரிக்கு வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பிறகு
மூன்று வரி. மூன்றும் என் கையெழுத்து.
வந்த அலுவல்: மீற்றர். மீற்றர். மீற்றர்.
நாலாவது வரியில்
'மீ' வரைக்கும் எழுதி, வெட்டி,
'பார்க்க' என்று எழுதினேன்.
ஜிப்ரி அதை வாசித்தார்.
துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார்,
இந்த முறை மூக்குக் கண்ணாடியை.

பில்லைக் கிழித்துக் கொடுத்தேன்.
நிலையான கட்டணம், அதோடு ஒரு யூனிற்.
சில்லறை எண்ணித் தர
இரண்டு நாளில் டவுனுக்கு வருவேன் என்றார்.

இறங்கும்போது மழை மூட்டம்.
பாதிப் படியில் திரும்பிப் பார்த்தேன்.
யன்னல்கள் ஒவ்வொன்றாய் இருண்டன.
சிவப்பு மலைக்கு நேர்மேலே உள்ளது மட்டும்
நான் கிறவலில் கால் வைக்குமட்டும் எரிந்தது.

அது அடுத்த மாதக் கணக்கில் வரும்.